ஒரு காதுக்கு எதுக்கு டாக்

ஜெஸ்ஸிக்கு வலது காது போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. அழுக்கு அடைத்திருக்கும் என்று பத்து நாள் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். பிறகு செங்கல்பட்டில் காது டாக்டரிடம் போனார்கள். "முதல் மூணு நாளுக்குள்ள வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா" என்றார் அவர். இனி அது திரும்பாது, கருவி வைத்தாலும் பயனில்லை என்றும் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் கணவன் ஜெபாவிடம், "இன்னொண்ணு கீதுல்ல, வாங்க" என்றாள் ஜெஸ்ஸி. அழுதது அவன்தான்.

புதுப்பட்டினத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவள் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறாள். வேலையை விடவில்லை. பிள்ளைகள் எல்லோரும் தன் இடது பக்கம் வரும்படி மேசையைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

பாட்டு மட்டும் அப்படிச் சரியாகவில்லை. பள்ளி விட்டு வந்ததும் கணினி முன் உட்கார்ந்து ஹெட்போனில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பது அவளுடைய வெகுநாள் பழக்கம். காது போன பிறகு பழகிய பாட்டுகளில் துண்டு துண்டாக ஏதோ காணாமல் போனது. ஒன்றில் வயலின் இல்லை, இன்னொன்றில் கோரஸ் இல்லை. அவையெல்லாம் வலது பக்கத்தில் பதிவானவை. கணினியின் அமைப்புகளில் தேடியபோது, இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் மோனோ சுவிட்ச் ஒன்று கிடைத்தது. அதைத் தட்டியதும் முழுப் பாட்டும் இடது காதுக்கு வந்துவிட்டது. ஜெஸ்ஸி அன்றைக்கு மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஆனால் பாட்டோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிர்ரென்று ஒரு சத்தம். பாட்டு அடங்கும் இடங்களில், அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவது போல ஓர் இரைச்சல். கணினிக்குள் ஓடும் மின்சாரத்தின் சலசலப்பு ஹெட்போன் துளை வழியாக வருகிறது என்பது அவளுக்குப் புரிந்தது. வழியும் தெரிந்தது. கணினியில் எண்களாக இருக்கும் பாட்டை வெளியே எடுத்து ஒலியாக மாற்றித்தர ஒரு தனிப் பெட்டி வேண்டும். அதற்குப் பெயர் டாக்.

"டாக் ஒண்ணு வாங்கணுங்க" என்றாள் ஜெபாவிடம். அது என்னவென்றும் சொன்னாள்.

"அதெல்லாம் ரெண்டு காதும் நல்லா கீறவங்க வாங்குறது. ஒரு காதுக்கு எதுக்கு?"

அவன் வேண்டுமென்று குத்தவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"ஒரு கண்ணு போனவனுக்குக் கண்ணாடி வேணாம்னு சொல்வீங்களா?"

ஜெபா, "பரணி சாரைக் கேப்போம். அவருக்கு இதெல்லாம் அத்துப்படி" என்றான்.

ஜெபா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். பரணிதரன் அவனுக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சிக்காரர். சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டி, பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருந்தார். கனத்த திரைகள், இடுப்பளவு ஸ்பீக்கர்கள். யார் எந்த ஹெட்போன் வாங்குவது, எந்த வயர் உசத்தி என்று நிலையத்து ஊழியர்கள் வாழும் டவுன்ஷிப்பில் பாதிப்பேர் அவரைத்தான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குப் போனார்கள். பரணிதரனின் மனைவி விஷாகா காபி கொடுத்தாள். ஜெஸ்ஸி தன் தேவையைச் சொல்லி முடித்தாள். பரணிதரன் ஜெபாவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஜெபா, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஸ்டீரியோவே இல்லாதவங்களுக்கு டாக் வாங்கி என்ன பண்றது? பாட்டு மேடை மாதிரி கண்ணு முன்னாடி விரியணும். இவங்களுக்கு அது எப்படித் தெரியும்? பாவம், போன்லயே கேக்கட்டும், போதும்."

ஜெபா தலையாட்டினான்.

"சார், என் காதைப் பத்தி என்கிட்டயே பேசுங்க. நான் இங்கதானே உக்காந்துகினு இருக்கேன்" என்றாள் ஜெஸ்ஸி.

பரணிதரன் சிரித்துச் சமாளித்து, இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, தூக்கவே இரண்டு கை வேண்டும். மற்றது உள்ளங்கைக்குள் அடங்குவது. "இது காலேஜ் பசங்க வாங்குறது. எப்படி இருக்குன்னு பாக்க வாங்கிப் போட்டேன்" என்றார். ஜெஸ்ஸி தன் ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள்.

"கறுப்புப் பெட்டியில சத்தம் கூட வருது சார்."

"அதாம்மா அதோட உயிர்!"

"உயிரா வோல்ட்டேஜான்னு பாத்துடலாமா?"

கைப்பையிலிருந்து பள்ளிக்கூட ஆய்வகத்து மல்டிமீட்டரை எடுத்தாள். கணினியில் ஒரே சீரான ஒரு விசில் ஒலியை ஓடவிட்டு, இரண்டு பெட்டியிலிருந்தும் வருவதை அளந்தாள். கறுப்புப் பெட்டியில் கூடுதலாகத்தான் வந்தது. அதன் குமிழைத் திருகி, மீட்டரில் இரண்டும் ஒரே எண் காட்டும்வரை குறைத்தாள். கொஞ்சம் சத்தம் கூட இருந்தாலே அதுதான் நல்லது என்று காது நம்பிவிடும், அதனால் முதலில் சமமாக்க வேண்டும் என்றாள். பிறகு அடுத்ததைச் சொன்னாள். கேட்பவர் பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். ஜெபா நாணயத்தைச் சுண்டி, அதன்படி வயரை மாற்றி, ஒரு தாளில் குறித்துக்கொள்வான். கேட்பவர் எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டும். ஆளுக்குப் பதினாறு தடவை.

"சார், நீங்களும் உக்காரணும்."

"பாட்டுன்னா பரீட்சையா? மனசு லயிச்சுக் கேக்க வேண்டியதும்மா இது" என்றார் பரணிதரன்.

வாசற்படியில் நின்றிருந்த விஷாகா, "வர்றவங்க எல்லாருக்கும் நீங்கதானே பரீட்சை வெப்பீங்க. இன்னிக்கு ஒருநாள் உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "இது கறுப்பு, சந்தேகமே இல்லை" என்று மூன்று முறை சொன்னார். அதில் இரண்டு சின்னது. முடிவில் ஜெபா தாளை இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "ஏழு சார்" என்றான்.

ஜெஸ்ஸிக்கு எட்டு வந்தது. கேட்காமல் குத்துமதிப்பாகச் சொன்னாலும் வரக்கூடிய எண்தான் அது.

"பாத்தீங்களா, உங்களுக்கும் தெரியலை. ஒரு காதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கு ஒரு காது சார், எட்டு. உங்களுக்கு ரெண்டு காது, ஏழு."

விஷாகா சிரிப்பை மறைக்கச் சட்டென்று உள்ளே போய்விட்டாள். ஜெஸ்ஸி விடவில்லை. சின்னப் பெட்டியையும் கணினியின் சொந்தத் துளையையும் அதேபோல வைத்துப் பார்க்கச் சொன்னாள். அந்தக் கணினியிலும் இரைச்சல் இருந்தது. பதினாறுக்குப் பதினாறு சொன்னாள். தன் காதுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது அவளுக்கு அதோடு முடிவாகிவிட்டது.

"டென்ஷன்ல காது வேலை செய்யாது" என்று சொல்லிக்கொண்டே பரணிதரன் கறுப்புப் பெட்டிக்கு மஞ்சள் துணியைப் போர்த்தினார்.

திரும்பும் வழியில் ஜெபா புதுப்பட்டினம் மார்க்கெட் அருகே வண்டியை நிறுத்திவிட்டு, "பெரிய மனுசனை இப்பிடி பேஜார் பண்ட்டியே. சார் மூஞ்சி எப்பிடி போச்சு, பாத்தியா?" என்றான்.

ஜெஸ்ஸி இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அவரு என்னைப் பத்தி உங்ககிட்ட பேசினாரு. நீங்க தலையாட்டினீங்க. அப்போ என் மூஞ்சி எப்பிடி போச்சு, பாத்தீங்களா?"

மீன்காரம்மா ஒருத்தி கத்தியை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தாள். ஜெஸ்ஸி அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே போனாள். போனதும் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஆர்டர் போட்டாள்.

புதன்கிழமை ஜெபா வரும்போது, மஞ்சள் துணியில் கட்டிய கறுப்புப் பெட்டி அவனோடு வந்தது.

"சார் குடுத்தனுப்பினாரு. வெச்சிக்கச் சொன்னாரு. 'பாவம், கொஞ்ச நாள் கேக்கட்டும், போகப் போகப் புரியும்'னாரு."

ஜெஸ்ஸி முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. சனிக்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வண்டியில் கொண்டுவிடுவதாகச் சொன்னான் ஜெபா. வேண்டாம், ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். அவள் செருப்பை மாட்டும்போது, "நான் அன்னிக்கு தலையாட்டியிருக்கக் கூடாது ஜெஸ்ஸி" என்றான்.

"ஆமா, கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தெருமுனை வரைக்கும் பெட்டியின் கனம் தோளை இழுத்தது.

பரணிதரனே கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும், "ஏன்மா, பிடிக்கலையா?" என்றார்.

"பெட்டி நல்ல பெட்டி சார். அதுகூட அனுப்பின 'பாவம்'தான் பிடிக்கலை."

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொல்லவும் தோன்றவில்லை. "நான் மறுபடி பண்ணிப் பாத்தேன். விஷாகா வயர் மாத்தினா" என்றார்.

"எத்தனை சார்?"

"ஒம்பது."

"பதினாறுக்கு ஒம்பதுன்னா..."

"தெரியும். அதுவும் காசு சுண்டிப் போட்ட கதைதான்." துணியின் முடிச்சைத் தடவினார். "ஆனாலும் எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு டீச்சர். என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவர் குரலில் இருந்தது வீம்பா வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பிடிச்சா கேளுங்க சார். அதுக்கு உங்க காதுக்கு யாரும் சர்டிஃபிகேட் குடுக்க வேணாம். என் காதுக்கும் வேணாம். அவ்ளோதான் நான் சொன்னது."

விஷாகா பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, "உள்ள வாங்க டீச்சர், தோசை ஊத்துறேன்" என்றாள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி ஜெஸ்ஸி விடைபெற்றாள். நிஜமாகவே வரலாம் என்றுதான் நினைத்தாள்.

திங்கட்கிழமை அவளுடைய பெட்டி வந்தது. ஒரு பக்கம் கணினிக்குப் போகும் வயர், மறுபக்கம் ஹெட்போன், நடுவில் ஒரு குமிழ். பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டாள். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில் ஒன்றுமே கேட்கவில்லை. சுத்தமான ஒன்றுமில்லாமை. பிறகு தம்புராவின் முதல் மீட்டல் வந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பாதிப் பாட்டில் ஜெபா வேலையிலிருந்து வந்தான். அவளுடைய இடது பக்கமாக வந்து நின்று ஏதோ கேட்க வாயெடுத்தான். ஜெஸ்ஸி கண்ணைத் திறக்காமல், இரு என்று கையைக் காட்டினாள். இன்னும் நாலு நிமிடப் பாட்டு மீதி இருந்தது. அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடி காத்திருந்தான்.