வால் தெரியாத படம்

காலை பத்தரை மணியிலிருந்து ஆண்டனி ராஜ் அந்தச் சிறுத்தைக்கு எதிரிலேயே நின்றான். அதுவோ பின்பக்கத்தைப் பாறை இடுக்கில் திணித்துக்கொண்டு, முகத்தை மட்டும் ஜனங்களுக்குக் காட்டிப் படுத்திருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரே கூத்து. சிறுத்தைக்கு முதுகைக் காட்டி, செல்போனுக்குப் பல்லைக் காட்டுகிற கூட்டம். மிருகக்காட்சி சாலைக்கு வருகிறவர்களுக்கு மிருகத்தைப் பார்க்க எங்கே நேரம்? ஆண்டனி ராஜுக்கு வேண்டியது அதன் வால்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தேவாரம் மலையடிவாரத்து இலவந்தோப்பில், காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி லூர்து மேரியைச் சிறுத்தை அடித்துக் கொன்றது. அலறல் கேட்டு ஓடியவன் கண்ணில் பட்டது, புதருக்குள் நுழைந்த அதன் பின்பக்கம்தான். வால் பாதிதான் இருந்தது. மொட்டை வால்.

பன்னிரண்டாம் நாள் வனத்துறைக் கூண்டில் ஒரு சிறுத்தை விழுந்தது. லாரியில் ஏற்றிய கூண்டின் தார்ப்பாயைச் சற்றே விலக்கி, "இதுதானா பாருப்பா" என்றார்கள். பல்லும் கண்ணும்தான் தெரிந்தன. வாலைக் காட்டுங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஊரே சுற்றி நின்றது. எப்படியாவது இது முடிந்தால் போதும் என்றிருந்தது. "இதுதான் சார்" என்று கையெழுத்துப் போட்டான். கூண்டும் லாரியோடு மிருகக்காட்சி சாலைக்குப் போய்விட்டது.

அன்று ராத்திரி மகள் பெனிஷா மட்டும் கேட்டாள்: "அப்பா, நிச்சயமா அதுதானா?"

"அதுதான் ஆத்தா."

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்கு வேறு கவலை. பிடித்த சிறுத்தையைப் பக்கத்து மலையிலேயே இறக்கிவிட்டார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். பெண்களில் ஒருத்தியும் தோப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இலவங்காய் வெடித்துப் பஞ்சு காற்றில் போனது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வேல்பாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "நீ நேர்ல போயி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு ஆண்டனி. நீ சொன்னாத்தான் நம்புவாக" என்று அவரே பஸ் ஏற்றிவிட்டார். வால் விஷயத்தை ஆண்டனி ராஜ் அவரிடமும் மூச்சுவிடவில்லை.

பதினொன்றரைக்குள் வேல்பாண்டியிடமிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது.

"என்னப்பா, இருக்கா இல்லையா?"

"இருக்குண்ணே. செத்த பொறுங்க, நல்லாப் பாத்துட்டு அனுப்புறேன்."

"பாக்க என்ன கெடக்கு? மொகத்த ஒண்ணு எடுத்துப் போடு. பொம்பளைக எல்லாம் இங்கன வந்து நிக்கிறாக."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், பார்க்காமலே கையெழுத்துப் போட்டவன் என்று பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனையே ஊர் காறித் துப்பும். படம் எடுத்தான். மீசை மயிரைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. கீழே "இன்னும் முழுசாப் பாக்கல" என்று எழுதினான். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்தான். வெறும் படத்தை மட்டும் அனுப்பினான். பாவி மனுஷன்.

நாலு மணிக்கு ஊழியர் ஒருவர் கறி வாளியோடு வந்தார். சிறுத்தை எழுந்தது. சோம்பல் முறித்தது. திரும்பி நடந்தது.

நுனிவரை புள்ளி போட்ட முழு வால்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "வாலைப் பாருங்களேன், எவ்வளவு அழகு" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் படம் எடுக்கச் சொன்னாள்.

பெனிஷாவைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். மறுபடி கூப்பிட்டான். அதே பதில். வேல்பாண்டியைப் பிடித்தான்.

"அண்ணே, இது அது இல்லண்ணே! வாலு முழுசா இருக்கு. அது மலையிலதான் கெடக்கு. யாரையும் தோப்புக்கு விட்ராதீக!"



"படம் வந்த ஒடனே எல்லாரும் போயிட்டாகளேப்பா. விட்ட வேலைய முடிச்சு, இருட்டுனப்பறம்தான் வருவோம்னாக. அங்கன டவரும் கெடைக்காது."

"எம் மக? எம் மக வீட்லதான இருக்கா?"

"அவதாம்ப்பா பயந்தவளுகளையெல்லாம் கையப் புடிச்சுக் கூட்டிட்டு முன்னாடி போனா. 'எங்கப்பா நேர்ல பாத்துட்டாக, இனி என்ன பயம்'னு."