முர்ட்டன் ஏரிக்கரையில் ஓர் இடம்

மகள் வேணுகாவும் மருமகனும் வாங்கியிருந்த, படுக்கையும் அடுப்புமுள்ள காம்பிங் வான் அந்தக் கோடையில் ஒரு வாரம் சும்மா நின்றது. அப்பாவும் அம்மாவும் அதைக் கொண்டுபோய் எங்காவது நின்றுவிட்டு வரட்டும் என்று மகள் சாவியைத் தந்துவிட்டாள். சுவிசில் அவர்கள் இருந்த லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலைகள் எல்லாம் ஒன்றாக மூடிக்கிடக்கும் லீவுக் காலம் அது. வரதராசா அப்படியொரு தொழிற்சாலையில் கடிகாரக் கூடுகளை மினுக்கி மினுக்கியே தலை நரைத்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றவர்.

எந்த ஊருக்குப் போவது என்பதில் அவருக்கும் மனைவி கலாவதிக்கும் சச்சரவில்லை. முர்ட்டன்தான். மதில் சூழ்ந்த அந்தப் பழைய பட்டினத்துக்கு இருவரும் ஒரேயடியாகத் தலையாட்டினார்கள். வானை எந்த இடத்தில் விடுவது என்பதில்தான் இழுபறி வந்தது.

வரதராசா ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். நிழலுக்கு மரங்கள், ஒவ்வொரு வானுக்கும் தனியாகக் கரண்டும் தண்ணீரும். போய்வந்தவர்கள் எல்லாரும் இணையத்தில் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். கலாவதி கேட்டதோ ஏரிக்கரையோடு தள்ளிப் போனால் வரும் பழைய காம்பிங் திடல். அங்கே பாதி இடத்தில் வருடம் முழுக்கக் கரவன் வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள் குடியிருந்தார்கள். வரதராசா மனமில்லாமல் தொலைபேசி எடுத்து விசாரித்தார். மிச்சமிருந்தது ஒரேயொரு இடம், கழிப்பறைக் கட்டடத்துக்குப் பக்கத்தில்.

"கக்கூசுக்குப் பக்கத்திலை ஆராவது போய் நிப்பினமோ, கலா?"

"நாங்கள் நிப்பம். அதையே எடுங்கோ."

ஏனென்று அவர் கேட்டார். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். காரணத்தைச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தாள்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலை லீவுக்கும் அவர்கள் அந்தக் காம்பிங்குக்குத்தான் போனார்கள். கூடவே நண்பர் குகநாதனும் மனைவி கஜலக்சுமி என்ற கஜாவும். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு கார், இரவல் வாங்கின இரண்டு கூடாரம். பகல் முழுக்கப் பிள்ளைகள் தண்ணீரில் கிடக்கும். பொழுதுபட ஆண்கள் பிள்ளைகளை நித்திரையாக்குவார்கள். பெண்கள் இருவரும் கறிச்சட்டிகளைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக் கட்டடத்தின் பின்பக்கம் போவார்கள். அங்கே சுவரோடு வரிசையாகத் தொட்டிகள் இருந்தன. நான்கு சட்டி கழுவ அவர்களுக்கு வெகு நேரம் பிடிக்கும். கஜா தான் வேலை செய்த ஹோட்டலின் மேற்பார்வைக்காரி நடப்பதுபோல நடந்து காட்டுவாள். ஒருமுறை இவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கரவன் ஜெர்மன்காரி ஏசுவதற்கு எழும்பி வந்து, என்ன விசயமென்று தெரியாமலே தானும் நின்று சிரித்தாள். வருடம் முழுக்கத் தொண்டைக்குள் கிடந்ததையெல்லாம் கலாவதி அந்தத் தொட்டியடியில்தான் கொட்டினாள்.

பிறகு குகநாதன் குடும்பம் ஜெனீவாவுக்குப் போனது. பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களுடைய மகன் பிரவீனனுக்கும் வேணுகாவுக்கும் கல்யாணம் பேசினார்கள். முடிந்த காரியம் என்றே இரு வீட்டிலும் நினைத்திருக்க, ஒரே கூடாரத்துக்குள் படுத்து வளர்ந்தவனை எப்படி அம்மா கட்டுவது என்று வேணுகா மறுத்துவிட்டாள். தொலைபேசியில் குகநாதன் ஒரு சொல் சொன்னார், வரதராசா ஒரு சொல் சொன்னார். அதோடு போக்குவரத்து நின்றது. குகநாதன் காலமானபோது கலாவதி செத்தவீட்டுக்குப் போனாள். வரிசையில் நின்று கஜாவின் கையைப் பிடித்தாள். பின்னால் ஆட்கள் நின்றதால் ஒன்றும் கதைக்காமலே வெளியே வந்துவிட்டாள்.

இப்போது வான் போய் நின்றதும் அவள் முதலில் கட்டடத்தின் பின்பக்கம்தான் போனாள். சுவருக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். மேலே கூரையும் போட்டிருந்தார்கள். தொட்டிகள் மட்டும் அதே பழைய தொட்டிகள்.  அவள் அவற்றைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் கஜாவுக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு பயமும் வந்தது.

வானுக்குத் திரும்புவதற்குள் தொலைபேசி அடித்தது.

"கலாக்கா, அந்த மூலைக் குழாய் இப்பவும் ஒழுகுதோ?"

 "ஓம்" என்றாள் கலாவதி, பார்க்காமலே.  கஜா உடனே, நாளைக்கு வாறன் என்றாள்.

மறுநாள் ரயிலில் வந்து இறங்கியவளை வரதராசாதான் ஸ்டேஷனில் முதலில் கண்டார். அவளுடைய பையை வாங்கிக் கொண்டார். பெண்களை மதிலடியில் விட்டுவிட்டு, தான் கோப்பி குடிக்கப் போவதாகச் சொல்லி விலகிப் போனார்.

அத்தனை வருடம் வந்தும் இருவரும் அந்த மதிலில் ஏறியதே இல்லை. பிள்ளைகளும் சட்டி பானையுமாகவே லீவு போய்விடும். இப்போது முழங்காலைப் பிடித்துப் பிடித்து மரப்படிகளில் ஏறினார்கள். மேலே போனதும் ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் ஏரி தெரிந்தது.

"வேணுகா சரியாத்தான் சொன்னவள்," என்றாள் கஜா. "பிரவீனனும் பேந்து அதையேதான் சொன்னவன். சம்பந்தியாகோணுமெண்டு ஆசைப்பட்டது நாங்கள் ரெண்டு பேரும்தானே அக்கா. எங்கடை ஆசைக்கு அதுகளைக் கட்டி வைக்கப் பாத்தம்."

கலாவதி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஓமடி. அதுகளுக்கு விளங்கினது எங்களுக்கு விளங்கேல்லை."

கதைத்து முடிப்பதற்குள் மதிலைக் கடைசி மட்டும் போய், திரும்பி, இன்னொருமுறையும் நடந்திருந்தார்கள்.

கஜா அன்று போகவில்லை. அடுத்த நாளும் போகிற எண்ணம் இல்லை என்றாள். வரதராசா ரிசப்ஷனுக்குப் போய் இன்னும் சில நாள் கேட்டார். இந்த இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள், கரையோரம் ஒன்று காலியாகிறது, வானை அங்கே மாற்றுங்கள் என்றார்கள். அவர் வந்து வானை எடுத்து அந்தக் கரையோர இடத்துக்குள் பின்பக்கமாக விடத் தொடங்கினார். பின்னால் நின்றுகொண்டு கலாவதி ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டச் சொன்னாள், கஜா வலப்பக்கம் வெட்டச் சொன்னாள். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலில் நீங்கள் இருவரும் கதைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று கதிரையைச் சரித்துச் சாய்ந்துகொண்டார்.