புருனேயில் இருக்கும் அண்ணன்

இதில் வருகின்ற இருவரும் நான் பெரிதும் மதித்தவர்கள். அவர்களைக் குறைகூறும் எண்ணத்துடன் இதை எழுதவில்லை என்று தொடங்கவே விரும்பினேன். ஆனால் அது உண்மையாகாது.

என் அண்ணன் இம்தியாஸ் காணாமற்போய் எட்டரை ஆண்டுகள் ஆகின்றன. கடலூரை அடுத்த குடிகாட்டில் வாடகை அறையில் தங்கி, ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்துவந்தார். 2016 ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ குடித்துவிட்டு வருவதாக அறை நண்பரிடம் சொல்லிச் சென்றவர் திரும்பவில்லை. அவருடைய கைப்பேசி கட்டிலின்மேல் சார்ஜில் இருந்தது. அத்தா என்று நாங்கள் அழைக்கும் என் தந்தை லியாக்கத் அலி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம் அது.

எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் ஆண்கள் வெளிநாட்டில் பிழைப்பது வழக்கம். அதைச் சபுர் என்போம். பையன் சபுரில் இருக்கிறான் என்றால் எந்த ஊர் என்று மட்டும் கேட்பார்கள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளை வீடு பரங்கிப்பேட்டை. அவ்வூர்க்காரர்கள் சவூதி, துபாய், சிங்கப்பூர், மலேசியா என எங்கும் பரவியிருந்தனர். ஆகவே அண்ணன் இருப்பதாகச் சொல்ல அத்தா புருனேயைத் தேர்ந்தெடுத்தார்.

"அங்க நம்மாளுவ ஜாஸ்தி இல்ல, யாரும் போயி பாக்க மாட்டாங்க," என்றார். "மாமி வூட்ல அப்படியே சொல்லிக்கம்மா. பையன காணோம், போலீசுல கேசு இருக்குன்னா சம்பந்தம் நின்னு போயிடும். கொஞ்ச நாள்ல அவனே வந்துருவான்."

அண்ணன் வரவில்லை. நிக்காஹ் நடந்தது. பொய் மட்டும் என்னுடன் புகுந்த வீட்டுக்கு வந்தது.

ஒவ்வொரு பெருநாள் விருந்திலும் என் கணவர் ரஃபீக், உறவினர்கள் சூழ்ந்திருக்கையில் கேட்பார்: "என்னா அம்ரீன், எங்க மச்சான் போன் பண்ணாரா? புருனேல பெருநாளு என்னிக்காம்?" அங்கு பிறை தெரிந்த செய்தியை முன்கூட்டியே கைப்பேசியில் தேடி வைத்திருந்து சொல்வேன். அங்கு நல்ல மழை என்பேன். அண்ணனுக்கு எடை கூடிவிட்டதாகக்கூட ஒருமுறை சொன்னேன். மாமியார் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார். அந்தப் பொய்க்காக ஒவ்வொரு முறையும் தொழுகையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு ஆறுதல் ஒன்று இருந்தது. ஊருக்குச் சொல்வது பொய்யானாலும், காவல் நிலையத்தில் எழுதியிருப்பது உண்மை. அத்தா மாதம் ஒருமுறை சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போய்வருவார். "விசாரிச்சுகிட்டுதான் இருக்காங்களாம்," என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா சலீமா பீவி அன்று மட்டும் வயிறாரச் சாப்பிடுவார்.

சென்ற பிப்ரவரியில் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. மாவட்டத்தில் காணாமற்போனவர்களின் பழைய வழக்குகளை, அடையாளம் தெரியாமல் கிடைத்த உடல்களின் மரபணு மாதிரிகளோடு ஒப்பிட முகாம் நடத்துகிறார்கள் என்றும், பெற்றோர் இரத்தம் கொடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. அத்தாவிடம் காட்டினேன்.

"உசுரோட இருக்கறவனுக்கு எதுக்கும்மா ரத்தம்? அதெல்லாம் வேணாம்," என்றார்.

பிள்ளைமீது அவர் வைத்திருந்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். நான் அண்ணாமலை நகரில் ஒரு சிறிய பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அங்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஒரு புதன்கிழமை காலை அத்தாவுக்குத் தெரியாமல் கடலூர் சென்றேன்.

நிலையத்தில் சௌந்தரம் என்னும் தலைமைக் காவலர், அண்ணன் பெயரையும் ஆண்டையும் கேட்டுக் கணினியில் தேடினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, இது முடிஞ்சு போன கேசு. ஆளு கெடச்சாச்சுன்னு இருக்கு."

"இல்லீங்க மேடம், கெடைக்கல. தப்பா நெனைக்காம இன்னொரு தடவ பாருங்களேன்."

"நான் எதுக்கும்மா தப்பா நெனைக்கப் போறேன்? உங்க அப்பா எழுதிக் குடுத்த லெட்டரே இருக்கும், இரு."

அரை மணி நேரத்தில் பழைய காகிதக் கட்டு ஒன்றை எடுத்துவந்து பிரித்தார். 'என் மகன் இம்தியாஸ் தற்போது புருனே நாட்டில் நலமாக வேலை பார்த்து வருகிறான். என்னுடன் தொலைபேசியில் பேசினான். ஆகவே என் புகாரின்மீது மேல்நடவடிக்கை தேவையில்லை.' தேதி 2017 ஜனவரி 11. என் நிக்காஹ் அதே மாதம் 22ஆம் தேதி. கீழே அத்தாவின் கையெழுத்து. அதற்கும் கீழே, சாட்சி என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து. அடியில் இரட்டைக் கோடு போட்டு முடிகின்ற அந்தக் கையெழுத்தை என் மகளின் மதிப்பெண் அட்டையில் நான் எப்போதும் பார்க்கிறேன்.

"யாரும்மா இந்த ரஃபீக்கு?"

"என் வூட்டுக்காரர், மேடம்."

சௌந்தரம் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "அப்ப நாங்க தேடவே இல்லம்மா. கெடச்சவன யாரு தேடுவாங்க? இத்தன வருஷத்துல கெடச்ச பாடி எதையும் உங்க அண்ணனோட ஒத்துப் பாத்திருக்க மாட்டாங்க. லிஸ்ட்லயே பேரு இல்லியே."

"இப்ப பாக்கலாமா?"

"சாம்பிள் எடுத்து வெச்சதெல்லாம் பாக்கலாம். எடுக்காம பொதச்சத நான் என்னா பண்றது? மொதல்ல கேச மறுபடி தொறக்கணும். இந்த லெட்டர் பொய்யின்னு எழுதிக் குடுக்கணும். யாரு பொய் சொன்னாங்கன்னும் எழுதணும். அப்பா அம்மா ரெண்டு பேருல ஒருத்தராச்சும் வந்து ரத்தம் குடுக்கணும். வெள்ளிக்கிழமையோட கேம்ப் முடியுது, பாத்துக்க."

அக்கடிதத்தைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

சிதம்பரத்தில் இறங்கி, நேராக என் கணவரின் கைப்பேசிக் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தேன்.

"மச்சான், புருனேல இப்ப மணி என்னா இருக்கும்?" என்று அவரைக் கேட்டேன்.

"என்னா திடீர்னு?" என்று சிரித்தார். படத்தைக் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"மாமாவே வந்து உண்மைய சொல்லிட்டாரு அம்ரீன். கேச முடிச்சுட்டு வந்தாதான் நிக்காஹ்ன்னு எங்கம்மா ஒத்தக் கால்ல நின்னாங்க. நான் சாட்சிதான போட்டேன்?"

"அப்ப மாமிக்கும் தெரியும்."

"வூட்ல எல்லாருக்குந்தான் தெரியும்."

"அப்புறம் எதுக்கு மச்சான் ஒவ்வொரு பெருநாளைக்கும் என்னக் கேட்டீங்க?"

"சொந்தக்காரங்க இருப்பாங்கல்ல? நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீ சொன்னா நம்புவாங்க. நீ அம்சமா சொல்லுவ. மழை பெய்யுதுன்னுலாம் சொன்னியே!"

பாராட்டாகத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த விருந்துகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. யாரை ஏமாற்றுவதாக எண்ணி நான் கூசினேனோ, அந்த வீட்டாரே நான் ஏமாந்திருப்பதைப் பார்த்தபடி உணவருந்தியிருக்கிறார்கள்.

லால்கான் தெருவில் உள்ள என் பெற்றோர் வீட்டுக்குப் போனபோது அத்தா மாலை நேர அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருந்தார். அம்மா அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மாசாமாசம் எங்கத்தா போனீங்க?"

என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "குடிகாட்டுக்குத்தான். அவன் இருந்த ரூமுக்கு எதுத்தாப்புல டீக்கட இருக்கு. அங்க உக்காந்துட்டு வருவேன்."

"ஸ்டேஷனுக்கு?"

"எந்த மூஞ்சிய வெச்சுகிட்டும்மா போவேன்? ஒருத்தன் போயிட்டான், இருக்கறவளையாச்சும் கரையேத்தணும்னு பாத்தேன். உனக்காகத்தாம்மா."

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் பார்வையை அடுக்களைப் பக்கம் திருப்பினார். இரத்தம் கொடுக்க வரும்படி கேட்டேன். தலையை அசைத்து மறுத்தார். "வேணாம்மா. ரஃபீக் தம்பி மேல கேசு வந்தா உன் வாழ்க்க என்னாவறது? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டா."

நான் பிறந்ததிலிருந்து அத்தாவின் சொல்லை மறுத்துப் பேசியதில்லை. அன்றும் மறுத்துப் பேசவில்லை. எழுந்து அடுக்களைக்குள் போய், அம்மாவின் அருகில் அமர்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கையிலிருந்த மீனைக் கீழே வைக்காமலே கேட்டார். "எட்டு வருஷமா எம்புள்ளைய யாருமே தேடலியா?"

"இல்லம்மா."

முன்கூடத்திலிருந்து அத்தா, "சலீமா..." என்று அழைத்தார். அம்மா திரும்பவில்லை. சோப்புப் போட்டுக் கைகளை இரண்டு முறை கழுவினார்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் எதுக்கு? நாளைக்குக் காலையிலயே போவோம். மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

மறுநாள் சௌந்தரம் எங்களைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். அம்மாவின் கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். நான் மனுவை எழுத அமர்ந்தேன். பொய்யான கடிதத்தைப் பற்றி எழுதவேண்டிய வரி வந்ததும் பேனா நின்றது.

சௌந்தரம் அதைக் கவனித்தார். "பேரு போடாம 'குடும்பத்தார்'ன்னு எழுதினாலும் நான் வாங்கிக்கறேம்மா. அப்புறம் பெரியவங்க யாராச்சும் கேட்டா பாத்துக்கலாம். உன் வாழ்க்கையும் இருக்குல்ல?"

இத்தகைய சலுகைகளை நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டே வளர்ந்தவள் நான். அம்மாவைப் பார்த்தேன். அவர் ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

"பேரு போடு," என்றார்.

இருவர் பெயரையும் எழுதினேன். அத்தா அவர்கள் என்றோ, மச்சான் என்றோ எழுதாமல், வெறும் பெயர்களாக எழுதினேன்.

மனுவின் இறுதியில் என் பெயரை எழுதி, பக்கத்தில் தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ குறிப்பிட வேண்டும். அரசாங்கத் தாளில் ஒரு பெண் வேறு எவ்வாறும் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. வெகுநேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, 'அம்ரீன், இம்தியாஸின் தங்கை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இப்படி யாரும் எழுத மாட்டாங்கம்மா," என்றார் சௌந்தரம்.

"தெரியும் மேடம். மன்னிக்கணும். இப்படியே இருக்கட்டும்."

அவர் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தார். பிறகு முத்திரையை மையில் அழுத்தினார்.