அம்புக்குறி காட்டிய கேட்

ஆத்தப்பனுக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. நல்லூர் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மகன் யுவன் அவரைக் கேட்காமல் ஒரு ஆர்டருக்குக் கையெழுத்துப் போட்டான். அது பாதியில் கேன்சல் ஆனது. அதற்காகப் பெற்ற பிள்ளையின் போட்டோவைப் போட்டு, 'இவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை' என்று தன் பனியன் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினாரே, இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்ல! ஓடிப்போன சூப்பர்வைசருக்கு ஒட்டுகிற நோட்டீஸ் அது. அதற்கு மேலே போர்டில் கம்பெனியின் பெயர்: யுவன் நிட்ஸ்.

அன்று சாயங்காலமே யுவன் போய்விட்டான். நம்பரையும் மாற்றிக்கொண்டான். கம்பெனி மாடியில்தான் வீடு. அங்கே மாரக்காள் புருஷனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டீஸைக் கிழிக்க ஆத்தப்பனுக்கு எட்டு மாதம் பிடித்தது. வீம்பு, வேறென்ன.

இப்போதெல்லாம் மேப்பைத் திறந்து செல்போனை உயர்த்திப் பிடித்தால் திரையில் ரோட்டின் மேலேயே அம்புக்குறி ஓடுகிறது. கம்பெனிகளின் விளம்பரம் அந்தரத்தில் நிற்கிறது. நாமும் போடலாம் என்று முதலில் நச்சரித்தவன் யுவன்தான். "கண்ணுக்குத் தெரியாத போர்டு எதுக்குடா?" என்று விரட்டியவர் இதே ஆத்தப்பன்.

அவரே இப்போது அந்த மேப் விளம்பரத்துக்கு ஆர்டர் பிடிக்கிற நதியாவை வரவழைத்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்.

"புது டீ சர்ட்டுக்கு ஆஃபர் போடலாம் சார்."

"வியாபாரத்துக்கு இல்லீங்க அம்மிணி. ரயில்வே ஸ்டேசன்ல, பஸ் ஸ்டாண்டுல, எம்பையன் டீ குடிக்கிற பேக்கரிகிட்ட போடோணும். 'யுவா, ஊட்டுக்கு வா கண்ணு'ன்னு எழுதுங்க. அவன் இந்த மேப்பைப் பாக்காம ஒரு எட்டு வெக்க மாட்டான்."

நதியா மறுபேச்சுப் பேசாமல் அப்படியே எழுதினாள். கேட்டின் படம் மேப்பில் ஏற்கெனவே இருந்தது. கேட்டுக்கு வந்து சேர்ந்ததும் எழுத்தின் கீழே தெரிகிற படமாக அதையே வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் ஓடிவந்தாள்.

"சார், விளம்பரக் கணக்கப் பாத்தேன், நேத்து மத்தியானம் ஒருத்தர் ஸ்டேசன்ல இருந்து அம்புக்குறியப் பாத்துக்கிட்டே உங்க கேட் வரைக்கும் வந்திருக்காரு!"

ஆத்தப்பன் கேட் கேமராவில் பதிவானதை ஓட்டச் சொன்னார். யுவனேதான். இளைத்துப்போயிருந்தான். கேட்டுக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பிறகு மெல்ல இறக்கினான், மாடியை ஒருமுறை பார்த்தான், திரும்பி நடந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்றுவிட்டு அந்த மாடியில் அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

எப்போது வந்தாளோ, பின்னால் மாரக்காள் நின்றிருந்தாள். ஒன்றரை வருஷம் கழித்து வாயைத் திறந்தாள்.

"துணிமணியெல்லாம் பையில கொண்டாந்திருக்கான், பாருங்க."

ஆமாம். தோளில் பெரிய பை. இருக்கத்தான் வந்திருக்கிறான்.

ஆத்தப்பன் நதியாவின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். மகன் நின்ற அதே இடத்தில் நின்று உயர்த்திப் பிடித்தார். 'யுவா, ஊட்டுக்கு வா கண்ணு' என்று எழுத்து நின்றது. அதன் கீழே கேட்டின் பழைய படம். படத்தில் நோட்டீஸ், நோட்டீஸில் யுவனின் முகம், 'எந்தத் தொடர்பும் இல்லை.' கேட்டிலிருந்து கிழித்ததை ஊரே பார்க்கிற இடத்தில் மாட்டி, வா என்று கூப்பிட்டு வாசலில் வைத்து அவமானப்படுத்தியிருக்கிறார் அப்பன். பையன் அப்படித்தானே நினைத்திருப்பான்? யார்தான் நினைக்க மாட்டார்கள்!

நதியா அழுதுவிட்டாள். "நாந்தான் சார் படத்தப் பாக்காம விட்டுட்டேன். இன்னைக்கே மாத்திருதேன்."

"ஒட்டுனது நானுங்க அம்மிணி. நீங்க எதுக்கு அழுவறீங்க?"

அவர் போனை இறக்கவில்லை. அம்புக்குறி கேட்டையே காட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இதைத் திருப்பிப் போட முடியுங்களா? அவன் போன பக்கமா? நான் நடந்தே போயிக்கறேன்."

"அவரு எங்க இருக்காருன்னு தெரிஞ்சாத்தான் சார் போட முடியும்," என்றாள் நதியா.