கேட்காமல் கொடுத்த மருந்து

படுக்கப் போகும் முன் கணவன் பிரைட் பால் காய்ச்சித் தர ஆரம்பித்தபோது அஜிஷாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதன். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். டியூட்டி முடிந்து வரும்போது புருவமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். குளித்துவிட்டு ஃபோனோடு சாய்ந்துவிடுவான். அப்படிப்பட்டவன் திடீரென்று டம்ளரை நீட்டி, "குடி பிள்ள, வாடிப்போய் இருக்க" என்றான். மறுநாளும் நீட்டினான்.

ஆஸ்பத்திரியில் தன்னோடு எமர்ஜென்சி வார்டில் வேலை பார்க்கும் ஸ்வாதியிடம் அவள் இதைப் பெருமையாகவே சொன்னாள். "ஆளே மாறிட்டாருடி." சொல்லும்போது தன் குரலில் வந்த குழைவு அவளுக்கே புதிதாக இருந்தது.

ஒரு வருஷமாகவே அவன் கை பட்டால் அவள் உடம்பு இறுகிக்கொள்ளும். காரணம் இல்லாமல் இல்லை. சேரும்போதெல்லாம் எரிந்தது, கிழிவதுபோல் வலித்தது. அவனிடம் சொன்னாள். "கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றான். மறுபடியும் சொன்னாள். "நர்ஸா இருந்துட்டு நீயே இப்படிச் சொன்னா எப்படி?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். அதோடு சொல்வதை விட்டுவிட்டாள். வலிக்குப் பயந்து பயந்து ஆசையும் விட்டுப்போயிற்று.

அந்தப் பால்தான் அவள் மனசை இளக்கியது. இவனுக்காகவாவது டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிடுவோம் என்று தோன்றியது. தெரிந்த முகங்கள் வேண்டாம் என்று வேறொரு கிளினிக்கில் பெண் டாக்டரிடம் போனாள். பூஞ்சைத் தொற்று, நாள்பட்டுப்போயிருக்கிறது, ஆனால் குணமாகும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றாள் அஜிஷா. அவள் அறிந்தவரை அது உண்மை.

இருவருக்கும் விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதன்முதலாக அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மத்தியானம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்ட பிறகு பிரைட் எலுமிச்சை ஜூஸ் கலக்கிக் கொண்டுவந்தான். கொஞ்சம் கசந்தது. விதையைச் சேர்த்துப் பிழிந்திருப்பான் என்று நினைத்துக் குடித்து முடித்தாள்.

பாத்திரம் கழுவும்போது கைகள் தன்னுடையவை இல்லைபோல் ஆயின. குழாய்ச் சத்தம் தூரத்தில் போயிற்று. சிங்க்கின் விளிம்பில் நெற்றி மோதியதுகூட அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது அவள் வேலை பார்க்கும் அதே வார்டின் கட்டிலில் கிடந்தாள். ஸ்வாதி பி.பி. பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். டியூட்டியில் இருந்த டாக்டர் ஹஸ்னைன் நெற்றியில் தையல் போட்டபடியே கேட்டார்: "சிஸ்டர், வேறு ஏதாவது மருந்து எடுத்தீர்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"காலையில் போட்ட பூஞ்சை மாத்திரை மட்டும்தான், டாக்டர்."

பிரைட் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலடியில் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. ரத்தம் எடுத்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. காரணம் பிடிபடவில்லை, தலையை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். இப்படி வந்து விழுந்தவர்களின் தலைக்குள் என்னென்னவெல்லாம் இருந்தது என்று பார்த்துப் பழகியவள் அஜிஷா. மனசுக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பிரைட் டாக்டரைத் திரைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டான். திரை வெறும் துணி. அவனுடைய உடைந்த இந்தி ஒவ்வொரு சொல்லாக உள்ளே வந்தது. பொம்பளைகளுக்கு ஆசை வருவதற்கான மாத்திரை, சார். கூட வேலை செய்கிறவன் லீவு முடிந்து வரும்போது எங்கிருந்தோ கொண்டுவந்தான். டாக்டர் சீட்டு இருந்தால்தான் தருவார்களாம். தினமும் பாலில் பொடித்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அதனால் இன்றைக்கு ஜூஸில் இரண்டாகப் போட்டேன்.

"அச்சா" என்று இழுத்தார் டாக்டர். "அந்தப் பூஞ்சை மாத்திரையோடு சேரவே கூடாத மருந்து அது. பி.பி. அப்படியே விழுந்துவிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கலாஸ், பாய், இதோடு விட்டுவிடு. இது வீட்டு விஷயம். இனிமேல் கொடுக்காதே. நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்."

பிரைட் சிரித்தான். கண்டம் கழிந்தவன் சிரிக்கிற சிரிப்பு. அதுவும் துணி வழியே உள்ளே வந்தது.

டாக்டர் திரையை விலக்கினார். "பயப்பட ஒன்றுமில்லை, சிஸ்டர். உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. நன்றாகத் தண்ணீர் குடியுங்கள்."

அஜிஷா எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் காது கேட்கும், டாக்டர்."

அவர் முகம் மாறியது. "சிஸ்டர், கணவன் மனைவிக்குள்..."

"எனக்குத் தெரியாமல் எனக்கு மருந்து கொடுத்திருக்கிறார். அதை ஃபைலில் அப்படியே எழுதுங்கள்."

"எழுதினால் போலீஸ் வரும். அவர் வேலை போகும்."

"போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நடந்ததை எழுதுங்கள்."

"நானும் காதால் கேட்டேன், சார்" என்றாள் ஸ்வாதி, டிரிப்பைச் சரிசெய்தபடி. டாக்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

பிரைட் கட்டிலருகே வந்தான். "அஜி, ஆசையிலதான் செய்தேன். உனக்கு அந்த நெனப்பே இல்லாமப் போச்சேன்னு..."

அவனை ஒருநாளும் நீ என்று அழைத்தவள் இல்லை. "நெனப்பு இல்லன்னு எனக்கு வருத்தம் இருக்கான்னு கேட்டியா நீ? வலிக்குன்னு சொன்னனே, எத்தன தடவ சொன்னேன்! அதுக்கு ஒரு டாக்டரப் பாக்கத் தெரியல. இதுக்கு மட்டும் ஊரெல்லாம் ஆள் புடிச்சு மாத்திர வாங்கியிருக்க."

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டு! டாக்டர் என்ன மருந்து தின்னன்னு கேக்காரு, நீ எனக்க செருப்பப் புடிச்சிட்டு ஊமையா நிக்க. நான் செத்துப்போயிருந்தா? அப்பவும் அவரு காதுலதான் போய்ச் சொல்லியிருப்ப. அதுவும் ஆசையா?"

அவன் செருப்பைத் தரையில் வைத்தான்.

மறுநாள் ஊரிலிருந்து அஜிஷாவின் அம்மா அன்னபாக்கியம் ஃபோன் பண்ணினாள். பிரைட் முந்திக்கொண்டு அவளிடம் அழுதிருந்தான்.

"அவன் என்ன விஷமா வச்சான் மக்ளே? பெண்டாட்டி மேல ஆசப்பட்டுட்டான். வேற எவகிட்டயும் போவலியே."

"உனக்குத் தெரியாம உனக்க காப்பியில ஒருத்தன் மருந்து போட்டா குடிப்பியாம்மா?"

"புருஷனாக்கும் பிள்ள. எவனோ ஒருத்தனா?"

அஜிஷா ஃபோனை வைத்துவிட்டாள். மயங்கி விழுந்ததைக்கூட அவள் ஒருவேளை மறந்திருப்பாள். அந்தப் பாலை எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டாளே, அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. பெண் டாக்டரிடம் போய்க் காலை விரித்துப் படுத்தது அந்தப் பாலை நம்பித்தான். அவள் ஒவ்வொரு வாயாகக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு வேலை செய்யுமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பிரைட்டைக் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்புக்குப் போகச் சொன்னாள். கெஞ்சினான், கோபப்பட்டான், கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். போலீஸுக்கு அவள் போகவில்லை. அவன்மேல் இரக்கப்பட்டல்ல. இந்தக் கதையை இன்னும் நாலு ஆண்கள் முன்னால் நின்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

டியூட்டிக்குத் திரும்பிய அன்று முதல் வேலையாகத் தன் கேஸ் ஃபைலைத் திறந்தாள். நீர்ச்சத்துக் குறைவால் மயக்கம் என்று எழுதியிருந்தது. நெற்றித் தையலோடு நேராக மெடிக்கல் டைரக்டர் அறைக்குப் போனாள். பிறகு பார்க்கலாம் சிஸ்டர் என்றார் அவர். "இங்கேயே நிற்கிறேன், சார்" என்றாள். நின்றாள். ஸ்வாதியும் வந்து கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். டாக்டர் ஹஸ்னைனை வரவழைத்து, எழுதியதைத் திருத்த வைத்தார்கள். அவர் அதற்குப் பிறகு அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

பெண் டாக்டர் சொன்னபடி மருந்தைத் தொடர்ந்தாள். எரிச்சல் குறைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. அது அன்னபாக்கியம் வழியாகப் பிரைட் காதுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டான். குரலில் பழைய உரிமை வந்திருந்தது.

"சரியாயிட்டாமே. அப்ப நான் ரூமுக்கு வரட்டா?"

"உடம்பு சரியாயிட்டு" என்றாள் அஜிஷா. "நீ வரண்டாம்."