கழற்றிக் கொடுத்த பூட்டு

உடைந்த கதவுக்குத் தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றான் சின்னவன். மேல் கீல் பிய்ந்திருந்ததால் கதவு எந்த நேரமும் யார் முதுகிலாவது சாயலாம் என்று இருந்தது. வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் அதை விலக்கிப் பிடிக்கும் வேலையைக் காலையிலிருந்து அவனே எடுத்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை அங்கே நிற்கச் சொல்லவில்லை. உள்ளே, கூடத்தின் நடுவில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார அவனுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கதவைத்தான் பார்த்தார்கள். நிலைச்சட்டம் நெடுக்காகப் பிளந்து, செதில் செதிலாக மரம் நீட்டிக்கொண்டிருந்தது. பூட்டில் மட்டும் ஒரு கீறல் இல்லை. கறுப்புக் கண்ணாடி முகத்தோடு, எல்லா வம்பையும் செய்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் பிள்ளையைப் போல அது கதவில் உட்கார்ந்திருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் எதிர்வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். நேற்று மதியம் அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணன் தன்னைப் போனில் கூப்பிட்டதையும், தான் ஓடிவந்து கதவைத் தட்டியதையும், அது திறக்காமல் போனதையும், கடைசியில் மாடிவீட்டுப் பையன்கள் இருவரோடு சேர்ந்து கதவை உதைத்ததையும் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் சின்னவன் பக்கம் கையைக் காட்டினார். "பாவம், தம்பி அங்க ஆபீஸ்ல இருந்து பூட்டைத் திறக்கப் போன்ல அமுக்கிக்கிட்டே இருந்திருக்காரு. நெட்வொர்க் சதி பண்ணிடுச்சு. பூட்டு மேல ஒரு தப்பும் இல்ல."

வந்தவர்கள் நெட்வொர்க்கைத் திட்டினார்கள். சின்னவன் தலையை ஆட்டினான். நெட்வொர்க் என்ற சொல்லை நேற்று ஆஸ்பத்திரி வாசலில் முதலில் சொன்னவன் அவன்தான். இப்போது அது ஊர் முழுக்கப் போய், அவனுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தது.

வீட்டில் மிக்ஸி வாங்குவதென்றாலும் டி.வி. வாங்குவதென்றாலும் அவனைக் கேட்காமல் நடக்காது. கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் அண்ணனுக்கு அவன் சொன்னது வேதவாக்கு. அண்ணன் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். அங்கே வண்டிக்காரர்கள் எவ்வளவு சத்தியம் செய்தாலும் முள் காட்டுவதைத்தான் எழுதுவார். தம்பி சொன்னதை மட்டும் எடை போட்டுப் பார்த்ததே இல்லை.

நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு, பகலில் தனியாக இருக்கவேண்டியிருக்கிறதே என்று அண்ணன்தான் பூட்டைப் பற்றிக் கேட்டார். லைட், ஃபேன் எல்லாம் போனில் இயங்கும்படி தம்பி ஏற்கெனவே செய்து கொடுத்திருந்தான். கதவும் அப்படியே ஆகிவிட்டால், ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் போனாலும் அவன் எங்கிருந்தாவது திறந்துவிடலாம் அல்லவா? "நல்லா நம்பிக்கையானதா ஒண்ணு பாருடா, உனக்குத் தெரியாததா" என்றார்.

நம்பிக்கையான பூட்டு எது என்று சின்னவனுக்கு நன்றாகவே தெரியும். அப்போதுதான் தன் வீட்டுக்காக வாரக்கணக்கில் அலசியிருந்தான். பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும், இன்டர்நெட் போனால் என்ன ஆகும், எல்லாம் கைவிட்டால் சாவி போட வழி உண்டா என்று வாங்கியவர்களின் புலம்பல்களை எல்லாம் படித்து, சல்லடை போட்டு ஒன்றைப் பிடித்து மாட்டியிருந்தான். ஏனென்றால் அதற்கு முன் இருந்த பூட்டு திடீர் திடீரென்று தூங்கிவிடும். விரல் வைத்தால் திறக்கும். போனிலிருந்து திறக்கச் சொன்னால் சில நாள் கேட்கும், சில நாள் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். விரலில் அடிபட்டுக் கட்டுப்போட்டிருந்த மகள் ஒருநாள் பள்ளி விட்டு வந்து மழையில் நின்றாள். அன்றைக்கு மனைவி பிடித்த பிடியில்தான் அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்தான்.

எறியவில்லை. பரண்மேல் வைத்தான். அண்ணன் கேட்ட வாரம் அதை எடுத்துத் துடைத்து, பளபளவென்று கொண்டுவந்து அண்ணன் தலையில் கட்டிவிட்டான். மறுபடியும் கடை கடையாகத் தேட யாருக்குப் பொறுமை? அண்ணன் வீட்டில் சிக்னல் நன்றாக இருக்கும், பெரிதாகப் பிரச்சினை வராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். புதிதா என்று அண்ணன் கேட்கவில்லை. "நானே பார்த்ததுதான்ணே" என்று மட்டும் அவன் சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று மதியம் அண்ணன் கூப்பிட்டபோது அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா. எந்திரிக்க முடியல. எதிர்வீட்டுல சொல்லிட்டேன். நீ கதவை மட்டும் திறந்துடு."

அமுக்கினான். சக்கரம் சுற்றியது. மறுபடி அமுக்கினான். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும். இதோ, இதோண்ணே என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணனுடைய மூச்சு கேட்டது.

"அவசரமில்லடா," என்றார் அண்ணன். "நிதானமா பாரு."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

பிற்பகலில் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பினார்கள். கூடம் பெரிதாகத் தெரிந்தது. வாடகை நாற்காலிகளை யாரோ மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சொல்லிவைத்திருந்த கார்ப்பெண்டர் வந்து, நிலையில் பிளந்த பாகத்தை அறுத்தெடுத்துப் புதுக்கட்டை வைத்து, கீலை முடுக்கி, பழைய பூட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். பொழுது சாய்வதற்குள் வேறு பூட்டு வாங்கிவந்தால் மாட்டிவிட்டுப் போவதாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் சின்னவனைத் தனியே கூப்பிட்டார். தன் வீட்டிலும் வயசான இரண்டு பேர்தான் என்றும், நேற்றுக்குப் பிறகு மனைவிக்குத் தூக்கமே இல்லை என்றும் சொல்லிவிட்டுத் தயங்கினார். "கேக்கற நேரம் இது இல்ல தம்பி. ஆனா உங்க அண்ணன் வாய் ஓயாம சொல்வாரு, என் தம்பி ஒண்ணு எடுத்தா அது சோடை போகாதுன்னு. எங்களுக்கும் ஒண்ணு நீங்களே பார்த்துச் சொல்லணும்."

பார்க்கிறேன் என்று சொல்வதற்குள் சின்னவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று நினைத்தான். நேரே அண்ணியிடம் போனான்.

அண்ணி சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியவற்றையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தப் பூட்டைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உங்க வீட்டுல இருந்ததுதானே?" என்றார் அண்ணி, திரும்பாமலே. "தெரியும்."

"எப்படி?" என்றான் அவன்.

"மாட்டிட்டு நீங்க கிளம்பினதுமே தெரிஞ்சுடுச்சு தம்பி. உங்க அண்ணன் கட்டைவிரலை வச்சா 'வாங்க பட்டு'ன்னு எழுத்து வந்துச்சு."

பட்டு அவன் மகளின் செல்லப்பெயர். மகள் விரல் இருந்த இடத்தில் அண்ணன் விரலைப் பதிந்துகொடுத்தவன், பெயரை மாற்ற மறந்திருக்கிறான். அவன் இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் அண்ணன் சத்தம் கேட்டு முன்னாலேயே கதவைத் திறந்து நிற்பார். அதனால் அவன் கண்ணில் அது படவே இல்லை.

"தம்பிகிட்டச் சொல்லி மாத்திடலாமான்னேன். வேணாம்னுட்டார்." அண்ணி குழாயை மூடினார். "'கடையில வாங்கிக் குடுக்கறது யாரும் செய்வான். இவன் தன் வீட்டுக் கதவுல இருந்ததைக் கழட்டிக் குடுத்திருக்கான். தன் பொண்டாட்டி பிள்ளைக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினது. இதைவிட நம்பிக்கையானது எங்க கிடைக்கும்? கேட்டா சங்கடப்படுவான், விடு'ன்னார். தினம் வெளியே போயிட்டு வரும்போது 'பட்டு வந்தாச்சு'ன்னு சொல்லிக்கிட்டேதான் செருப்பைக் கழட்டுவார். அறுபது வயசுப் பட்டு."

அண்ணி சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டார். சின்னவன் கூனிக் குறுகி நின்றான். அண்ணன் தன்னைத் திட்டியிருந்தால், ஏமாற்றுக்காரன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம்.

"இத்தனை நாள்ல ஒரே ஒரு நாள்தான் அது காலை வாரிடுச்சு," என்றார் அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதுவும் நெட்வொர்க்குன்னு சொல்றீங்க."

அண்ணி அவனையே பார்த்தார். கூடத்தில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம் கேட்டது. கோளாறு என்றுதான் அதைக் கழற்றினேன் என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான். அதைச் சொன்னால் அண்ணிக்கு இப்போது மிச்சமிருப்பதில் இன்னும் ஒன்று போய்விடும் என்று ஒரு நியாயம் தோன்றியது. அந்த நியாயத்தை நினைத்தும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆமா அண்ணி," என்றான்.

அண்ணி ஈரக்கையை உதறிவிட்டு டம்ளர்களைக் கவிழ்க்கத் தொடங்கினார். "கார்ப்பெண்டர் காத்துக்கிட்டிருக்கார். நீங்களே பார்த்து ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

தெருமுனையில் ஹார்டுவேர் கடை திறந்திருந்தது. விரல் வைக்கிறதா, போனில் திறக்கிறதா என்று கேட்ட கடைக்காரர், சாவி போடுவது என்றதும் ஒரு கனமான பூட்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார். சின்னவன் சாவியைப் போட்டுத் திருப்பினான். பூட்டின் நாக்கு வெளியே வந்தது. மறுபக்கம் திருப்பினான். உள்ளே போனது. மறுபடி திருப்பினான்.

பின்னால் ஆணி வாங்க வந்தவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் வந்து சேர்ந்தார். சின்னவன் அடுத்த சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். பிறகு முதல் சாவியையே எடுத்தான்.

"சார், அது நல்லா திறக்கும் சார்," என்றார் கடைக்காரர்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, அவன் மறுபடியும் பூட்டித் திறந்தான்.