கொக்கியில் ஒரு மஞ்சள் கோடு

பாறை ஏற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏறுவார், மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார். கயிறு உச்சியில் ஒரு மரத்தில் மாட்டிய கொக்கி வழியாக மடங்கி இரண்டு பக்கமும் தொங்கும். ஏறுகிறவர் மேலே போகப் போக, பிடிக்கிறவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருப்பார். கால் வழுக்கினால் கயிறு இறுகும், விழுந்தவர் கொஞ்சம் ஆடிவிட்டு அப்படியே தொங்குவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

கஜபதிக்குக் கயிறு பிடித்தவன் யூசுப். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே பிரிவு. யூசுப்புக்கு அங்கே ஒப்பந்த வேலைதான். ஒப்பந்தம் முடிந்ததும் மண்ணூர்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஓசூரில் வேறு வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டான். கஜபதி கல்யாணம் செய்துகொள்ளாதவன். குவார்ட்டர்ஸில் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் பெரிதாகிவிட்டன. மாதம் ஒருமுறை பாறைக்குப் போவது ஒன்றுதான் அவன் எதிர்பார்த்துக் காத்திருந்த விஷயம். அதைத் தனியாகச் செய்ய முடியுமா, அல்லது அதுவும் யூசுப்போடு போய்விட்டதா என்று தெரிந்தாக வேண்டும்.

கிளம்புவதற்கு முன்தினம் ஃபோனில் சொன்னான்.

"இன்னா மாமே, தனியா போறியா? மூளை கீதா உனக்கு?" என்றான் யூசுப்.

"கீது. அதான் மெஷின் வாங்கிக்கீறேன். கயித்துல மாட்டிட்டா மேல மட்டும்தான் போவும். கீழ இழுத்தா கவ்விக்கும்."

"மெஷின் உன்னாண்ட பேசுமா?"

"உன்ன மாதிரி நைநைன்னு பேசாது. அதுக்கே காசு குடுத்தேன்."

யூசுப் சிரித்தான். "ஏறி முடிச்சிட்டு ஃபோன் போடு. மறந்துட்டன்னா வந்து ஒதைப்பேன்."

விடியற்காலையில் பைக்கில் ஊத்துக்கோட்டையைத் தாண்டி, கடைசி ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, கூடாரத்தையும் கயிற்றையும் முதுகில் சுமந்து நடந்தான் கஜபதி. ஏரிக்கரை முடிந்து முள்காடு. முள்காடு முடிந்ததும் மூக்கன்பாறை. சிவந்த கல். மணல் படிந்து, இறுகி, பூமிக்குள் அழுத்தத்தில் வெந்து உருவான கல் என்பதால் சொரசொரப்பு குறைவு, வெடிப்புகள் அதிகம். கருங்கல்லில் பாதத்தை அப்பி ஏறலாம். இதில் வெடிப்புக்குள் விரலைச் செருகித்தான் ஏற முடியும். வெயில் ஏறினால் விரல் வியர்த்து வழுக்கும். அதனால்தான் காலை அவசரம்.

பின்பக்க ஒற்றையடிப் பாதை வழியாக உச்சிக்கு நடந்து, ஒரு தடித்த உசிலை மரத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டான். கூடாரப் பையை அங்கேயே வைத்துவிட்டு, அதே வழியாக இறங்கி முன்பக்கம் வந்து, இடுப்புவாரில் ஒரு கொக்கியை மாட்டி, அதில் புதிதாக வாங்கிய கருவியைக் கோத்துக் கயிற்றோடு இணைத்தான். கொக்கியின் வாயில் ஒரு திருகு வளையம் உண்டு. அதைச் சுற்றி இறுக்கினால் வாய் திறக்காது. கஜபதி அந்த வளையத்திலிருந்து கொக்கியின் உடம்பு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். தொழிற்சாலைப் பழக்கம் அது. அங்கே நட்டை முறுக்கி முடித்ததும் நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார்கள். பிறகு யாரும் ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது, நேராக இருந்தால் நகரவில்லை. ஒரு பார்வை போதும்.

கோட்டைப் பார்த்தான். நேராக இருந்தது. ஏறினான்.

கருவி கயிற்றில் வழுக்கி மேலே வந்துகொண்டே இருந்தது. காற்று இல்லை. அவனுடைய மூச்சும் ஷூவின் ரப்பர் கல்லில் உரசுவதும்தான் கேட்டன. பாதி உயரத்தில், கால் வைக்க மட்டும் இடம் கொடுக்கும் ஒரு திட்டு. அங்கே எப்போதும் கயிற்றில் சாய்ந்து கைக்கு ஓய்வு கொடுப்பான். சாய்வதற்கு முன் வழக்கம்போல, "புடிச்சிக்கீறியா?" என்று கத்தினான்.

கத்திய பிறகுதான் கீழே யாருமில்லை என்பது உறைத்தது. முட்டாள்தனமாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்பில் கயிறு மாட்டியிருந்த இடத்தைக் கையால் தொட்டான். கொக்கியின் வாய் விரலுக்கு விட்டுக்கொடுத்து உள்ளே மடங்கியது.

பார்த்தான். கோடு நேராகத்தான் இருந்தது.

நெஞ்சைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு யோசித்தபோது விளங்கியது. முறுக்கிய நட்டு தளர்ந்தால் மயிரிழைதான் நகரும், கோடு உடனே உடையும். இந்த வளையம் அப்படியல்ல. விரலால் தட்டினாலே சுழலும். முழுசாக ஒரு சுற்று தளர்ந்தால் கோடு மறுபடி நேராக வந்து நிற்கும். இன்னொரு சுற்று, இன்னொரு நேர்கோடு. அவன் கீழே அதைத் திருகவே இல்லை. பார்த்ததோடு சரி. சாய்ந்திருந்தால், கருவி அந்த வாய்மேல் புரண்டு வெளியே வந்திருக்கலாம்.

ஒரு கையால் வளையத்தை இறுக்கினான். ஆனால் பயம் போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. மேலே மரத்தில் போட்ட கட்டு? அதையும் இதே கண்தான் பார்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. இங்கிருந்து அது தெரியவும் தெரியாது. இத்தனை வருஷமாக யூசுப் கீழே நின்று கயிறு மட்டும் பிடித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஏறும் முன் ஒவ்வொரு முறையும் அவன் கிட்டே வந்து கொக்கியின் வாயை அழுத்திப் பார்த்து, வாரை இழுத்து, "சரி, போ" என்று முதுகில் தட்டுவான். கஜபதி அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

மீதி உயரத்தைக் கயிறே இல்லை என்பதுபோல ஏறினான். ஒரு விரல் நன்றாகப் பதிந்த பிறகே அடுத்த விரல். எங்கேயும் சாயவில்லை. உச்சியில் கொஞ்ச நேரம் குப்புறப் படுத்துக் கிடந்தான். பிறகு மரத்தில் போட்ட முடிச்சைப் போய்ப் பார்த்தான். சரியாகத்தான் கட்டியிருந்தான். அது ஆறுதலாக இல்லை.

கயிற்றை மேலே இழுத்தான். மறுமுனையில் யாரும் இல்லாத கயிறு சீக்கிரம் வந்துவிட்டது.

யூசுப்பைக் கூப்பிட்டான்.

"ஏறிட்டியா மாமே? உசுரோட கீறியா?"

"கீறேன். கொக்கி தொறந்துகினு இருந்துச்சிடா. பாதியில பாத்தேன்."

அந்தப் பக்கம் குழந்தைச் சத்தம் கேட்டது. யூசுப் எங்கோ கதவைச் சாத்தினான். சத்தம் அடங்கியது.

"கூடாரம் போடாத. நடந்து எறங்கு. ஃபோன கட் பண்ணாம எறங்கு."

"சரி. இனிமே தனியா வர மாட்டேன்."

"அப்ப யார்கூட வருவ?"

கஜபதி பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினான். பாதை பாறையின் பின்பக்கம் திரும்பும் இடத்தில் யூசுப்பின் குரல் துண்டு துண்டாக வந்தது. செல்போன் கோபுரத்திலிருந்து வரும் அலை இவ்வளவு பெரிய கல்லை ஊடுருவாது. இன்னும் ஓரடி இறங்கினால் குரலும் அறுந்துவிடும்.

"மாமே? கேக்குதா?"

"கேக்குது, சொல்லு," என்றான் கஜபதி. அந்த அடியை எடுத்து வைக்காமல் அங்கேயே நின்றான். யூசுப் ஓசூரில் தண்ணீர் சரியில்லை என்பதையும் புது மேஸ்திரி ஒரு சிடுமூஞ்சி என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தான். வெயில் ஏறிக்கொண்டே போனது.